மேற்குச் சுவரில் இரண்டு சதுரம்

சம்மாந்துறையில் மகளுக்கோ தங்கைக்கோ வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாப்பாமாருக்கும் நானாமாருக்கும்,



உங்களில் பலருடைய பிள்ளைகளுக்கு நான் விஞ்ஞானம் படிப்பித்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். ஒரு வீட்டுக் கதவைத் தட்டி இதைச் சொன்னால் அந்த வீட்டாரை மட்டும் குறை சொன்னதாகிவிடும். அதனால்தான் பெயின்ட் வாளி இன்னும் திறபடாத எல்லா வீடுகளுக்கும் சேர்த்து இந்த மடல். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

சிறுபோக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு நம் ஊரில் கலியாண வீட்டு வேலைகள் சூடுபிடிப்பது உங்களுக்குத் தெரியும். அப்படியொரு வீட்டுக்கு அண்மையில் போயிருந்தேன். சாந்து பூசிக் காய்ந்துவிட்டது, ஜன்னல் போட்டாயிற்று, நிலத்துக்கு மாபிள் பதித்தாயிற்று. பெயின்ட் பாஸ் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு முடிவுக்காகக் காத்து நின்றார். ஹோலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையின் மேல் கலர்க் கார்ட் விரித்துக் கிடந்தது. முந்நூறு கலரிலிருந்து கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு மிஞ்சியிருந்தன. ஒன்று கடுஞ்சாம்பல், மற்றது சந்தன வெள்ளை. கார்ட்டைச் சுற்றி வாப்பா, மாமா, மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த ஒருவர் என்று மூன்று பேர். நாலாவது ஆள் தொலைபேசிக்குள் இருந்தார். அவர் கத்தாரிலிருந்து படம் படமாக அனுப்பிக்கொண்டிருந்த மூத்த நானா. பத்து நிமிடத்தில் கடுஞ்சாம்பல் என்று தீர்ந்தது. கலியாணப் பிள்ளை குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

திரும்பும்போது கேட் வரை என்னோடு நடந்து வந்தாள். என்னிடம் ஒன்பதாம் ஆண்டில் படித்தவள். “உனக்கு எது புடிச்சிருந்த புள்ள?” என்று கேட்டேன்.

“என்னட்டக் கேக்கல்லயே டீச்சர். நானாதானே காசு அனுப்புற. நான் என்னத்தச் சொல்ற?”

“கேட்டிருந்தா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மத்தது” என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் உழைப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதை அறியாமல் பேசுகிறேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. ஒரு மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க நம் ஊர் வாப்பா தன் வயதில் பாதியைச் செலவழிக்கிறார். வட்டையில் இருந்த காணித் துண்டை விற்றவர்களை எனக்குத் தெரியும். பத்து வருடம் பாலைவனத்தில் லொறி ஓட்டிவிட்டு, கட்டிய வீட்டில் பத்து நாள்கூட நிம்மதியாகப் படுக்காமல் திரும்பிப் போன நானாமாரையும் தெரியும். இந்தச் சுமையை ஏன் பெண்ணைப் பெற்றவர் மட்டும் சுமக்க வேண்டும் என்பது எனக்குள் நெடுநாள் கிடக்கும் கேள்வி. அதை இன்னொரு நாள் கேட்கிறேன். இன்றைக்கு நான் பேசுவது, இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய வீட்டின் கடைசிக் காரியத்தைப் பற்றி.

அந்த வீடு யாருடையது? நீங்களே சொல்வீர்கள், மகளுடையது என்று. நம் கிழக்குக் கரையின் வழக்கம் அது. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். குடிவழியும் தாய்வழியாகவே வருகிறது. அக்கரைப்பற்றில் 1969இலிருந்து தங்கி ஆராய்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர், இந்தக் கரையின் தமிழரும் முஸ்லிம்களும் வீட்டைப் பெண்ணுக்கே கொடுத்து வருவதைப் பற்றித் தன் நூலில் எழுதினார். உலகத்தின் பல ஊர்களில் பெண் தன் பெயரில் ஒரு கூரை கிடைக்கப் போராடுகிறாள். நம் பிள்ளைக்கு அது கலியாணத்தோடு வருகிறது. இந்த வழக்கத்தின் நல்ல பக்கம் அது. நொத்தாரிசிடம் போய் நன்கொடை உறுதி எழுதும்போது, ஏற்றுக்கொள்கிறேன் என்று அவளும் கையெழுத்து வைக்கிறாள்.

கலியாணப் பதிவிலோ நிலைமை வேறு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணப்பெண்ணின் கையெழுத்தைக் கட்டாயம் என்று கேட்கவில்லை. அவளுடைய பாதுகாவலரான வலியின் கையெழுத்தே போதும். அதைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள், அது 2018 ஜனவரியில்தான் அறிக்கை கொடுத்தது. ஒரு கையெழுத்தைப் பற்றிப் பேச இவ்வளவு காலம். சட்டத்தை மாற்றுவது உங்கள் கையிலோ என் கையிலோ மட்டும் இல்லை. கலர்க் கார்ட்டை அவள் பக்கம் திருப்பி வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு எந்தக் குழுவும் வேண்டாம்.

“கலர் ஒரு சின்ன விஷயம், அதில் என்ன இருக்கிறது” என்று சொல்வீர்கள். சின்ன விஷயமென்றால் அதையாவது அவளுக்கு விட்டிருக்கலாமே என்பது என் முதல் பதில். அது சின்ன விஷயமே இல்லை என்பது இரண்டாவது. அதை விரித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் மூத்தம்மா காலத்து வளவுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வீடு, நாலு பக்கமும் மா, பலா, தென்னை, ஒரு முருங்கை, பின்னால் கிணறு. மூத்த மகளுக்கு அந்த வீடு போனால், தாயும் தகப்பனும் அதே வளவில் பின்பக்கம் சின்னதாக ஒன்று கட்டி ஒதுங்குவார்கள். அடுத்தவளுக்கு இன்னொரு துண்டு. மூன்று தலைமுறையாகப் பிரித்துப் பிரித்து இன்று ஒரு வளவில் நாலு வீடு, ஆறு வீடு. மரமெல்லாம் போய்விட்டது. மரம் நின்ற இடத்தில் மதில் நிற்கிறது. முந்திய காலத்துச் சுவர் நிழலில் நின்றதால் அதற்கு என்ன கலர் பூசினாலும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உங்கள் மகளின் சுவர் வெட்ட வெயிலில் நிற்கப் போகிறது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் நம் வழக்கமே மரத்தை விழுங்கி, நிழல் செய்த வேலையைக் கலரின் தலையில் கட்டிவிட்டது.

வெயில் எப்படிப்பட்டதென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5இலிருந்து 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும் என்று அறிவிக்கும். நமக்கு அதோடு முடிவதில்லை. அதற்குப் பிறகுதான் கச்சான் வருகிறது. அந்தக் காற்று தன்னிடமிருந்த மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, மலையிறங்கி வறண்டு கொதித்து நம் பக்கம் வருகிறது. மே, ஜூன், ஜூலை மாதங்களில் பின்னேரம் மூன்று மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். கல்முனைக்காரருக்கும் மருதமுனைக்காரருக்கும் கடற்காற்று கொஞ்சம் கைகொடுக்கும். நாங்கள் உள்ளே தள்ளி வயற்பக்கம் இருக்கிறோம்.

நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் செய்து காட்டிய ஒரு பரிசோதனை உண்டு. உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஒரே அளவு இரண்டு பால்மா டின். ஒன்றுக்குக் கருப்பு, மற்றதுக்கு வெள்ளை பூசி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி வெயிலில் வைப்போம். ஒரு பாடவேளை முடிய வெப்பமானியை விட்டுப் பார்த்தால் கருப்பு டின்தான் முந்தியிருக்கும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அது மாறவில்லை. நீங்கள் கட்டுவதும் அதே டின்தான். அதற்குள் தண்ணீருக்குப் பதிலாக உங்கள் மகள் இருக்கப் போகிறாள்.

சில பெயின்ட் கம்பனிகள் தங்கள் கார்ட்டில் கலருக்குப் பக்கத்தில் எல்.ஆர்.வி. என்று ஓர் இலக்கம் போட்டிருக்கும். அந்தக் கலர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் கணக்கு அது. முழுக் கருப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. கடுஞ்சாம்பல் 10, 15 என்ற பக்கத்தில் நிற்கும். சந்தன வெள்ளை 70க்கு மேலே போகும். திருப்பி அனுப்பாத மிச்சம் எங்கே போகிறது? சுவருக்குள். அதிலும் நாங்கள் கட்டுவது ஆறங்குலச் சீமெந்துக் கல். அது பின்னேரம் வாங்கிய சூட்டை உடனே உள்ளே விடாமல் பிடித்து வைத்திருந்து, இரவு எட்டு, ஒன்பது மணிக்கு மெல்ல மெல்ல அறைக்குள் விடும். பகலெல்லாம் வெளியே வேலையிலிருந்து வந்தவர்கள் படுக்கப் போகும் நேரம் அது. தாய் பிள்ளையைத் தூங்கவைக்கும் நேரமும் அதுதான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 1988இல் எனக்குக் கலியாணம். வாப்பா கட்டித் தந்த வீட்டின் வெளிச்சுவருக்குக் கடுங்காப்பிக் கலர் பூசினார்கள். அழுக்குத் தெரியாது என்று என் மாமா ஒருவர் சொன்னார், அப்படியே நடந்தது. நானும் அந்தப் பிள்ளை மாதிரி வாசலில் நின்றவள்தான். என் படுக்கையறை மேற்குப் பக்கம். மூன்று பிள்ளைகளும் அந்த அறையில்தான் பிறந்து வளர்ந்தார்கள். கச்சான் காலத்தில் அவர்களுடைய கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு மாறாது. இரவு பத்து மணிக்குச் சுவரில் சாய்ந்தால் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்த மேசை மாதிரி இருக்கும். பாயை இழுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்து படுப்போம். பதினைந்து வருடம் அப்படிப் போனது. 2003இல் என் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நானே கடைக்குப் போய் வெளிறிய மஞ்சள் கலந்த வெள்ளை எடுத்து அந்தச் சுவருக்குப் பூசுவித்தேன். அறை குளிர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கச்சானுக்கு நாங்கள் பாயை இழுக்கவில்லை.

பெருநாளன்று வாப்பா வந்து முற்றத்தில் நின்று பார்த்தார். “யாரு இந்தக் கலரத் தெரிவு செஞ்ச?”

“நான்தான் வாப்பா.”

“நல்லா இரிக்கி. முதல்லயே சொல்லியிருக்கலாமே மகள்.”

“நீங்க கேக்கல்லயே வாப்பா.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் வாப்பா கெட்டவர் இல்லை. எனக்காகத் தன் முதுகை முறித்தவர். எது கேட்டாலும் தந்திருப்பார். கேட்கும்படி ஒரு இடம் எனக்கு இருக்கிறதென்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவ்வளவுதான் நடந்தது. உங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

வெளிநாட்டிலிருக்கும் நானாமாரே, உங்களிடம் தனியாக இரண்டு வார்த்தை. நீங்கள் அனுப்பும் படங்கள் அழகானவை. சாம்பல் சுவர், கருப்பு ஜன்னல் சட்டம், வாசலில் மஞ்சள் விளக்கு. ஆனால் அந்த வீடுகளுக்குள் இரவும் பகலும் குளிரூட்டி ஓடுகிறது. உங்கள் தங்கை வீட்டில் மின்விசிறி ஓடுகிறது. மின்கட்டணம் என்ன பாடுபடுத்தியதென்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். 2022 ஆகஸ்ட்டில் சராசரியாக 75 சதவீதம் கூட்டினார்கள், 2023 பெப்ரவரியில் அதன்மேல் இன்னும் 66 சதவீதம். பிறகு குறைத்தாலும், மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துவிட்டு விசிறியை நிறுத்திய வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன. உங்களோடு மஸ்கட்டில் வேலை செய்த யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்த நகரம் ஏன் மலையடிவாரம் முழுக்க வெள்ளையும் வெளிர்மண் நிறமுமாகக் கிடக்கிறதென்று. கட்டிடங்களுக்கு வெள்ளையும் அதையொட்டிய நிறங்களும்தான் என்று மாநகராட்சியே விதி வைத்திருக்கிறது. நீங்கள் உழைக்கப் போன வளைகுடாவிலேயே அப்படியும் ஓர் ஊர் இருக்கிறது.

இந்தியாவில் அகமதாபாத் நகரம் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 2010 மே மாத வெப்ப அலையில் அங்கே வழமையைவிட 1,300க்கும் அதிகமானோர் கூடுதலாக இறந்துபோனார்கள். 2013இல் தெற்காசியாவிலேயே முதன்முதலாக ஒரு நகரத்துக்கான வெப்பச் செயல்திட்டத்தை அவர்கள் எழுதினார்கள். 2017இல் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கினார்கள். வெயிலைத் திருப்பி அனுப்புவதற்கென்றே செய்த வெள்ளைப் பெயின்ட்கள் 80, 90 சதவீதம் வரை திருப்பிவிடும். நம் வீடுகளிலும் சிலாப் கூரை போட்டவர்கள் சுவரைவிடக் கூரையைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். உச்சி வெயில் நேரே விழுவது அங்கேதான். மேலே யாரும் பார்க்கமாட்டார்கள் என்று வெறும் சீமெந்தாக விட்டுவிடுகிறோம். பார்க்க ஆளில்லாத அந்த இடத்துக்குத்தான் வெள்ளை முதலில் வேண்டும்.



“வெள்ளையில் அழுக்குப் பிடிக்கும், மாரியில் பாசி பிடிக்கும், வருடா வருடம் பூச யாரிடம் காசு இருக்கிறது” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாசி பிடிக்கும்தான். மாரி மழையில் முற்றத்து மண் தெறித்துச் சுவரின் அடி சிவந்துபோகும். அதற்கு மூத்தவர்கள் வழி வைத்திருந்தார்கள். அடியில் இரண்டடி உயரத்துக்கு ஒரு கடும் நிறப் பட்டை. மேலே முழுக்க வெளிர். தெறிக்கும் மண் பட்டையோடு நின்றுவிடும். கடுஞ்சாம்பலுக்கும் அதன் கரைச்சல் இருக்கிறது. சூடடிக்கும் காலத்தில் வயற்பக்கமிருந்து வரும் வெளிர்ந்த தூசி அதில்தான் பளிச்சென்று தெரியும். வெயிலில் கடும் நிறங்கள் மங்கினால் திட்டுத் திட்டாகத் தெரியும். புதுச் சாந்து முழுதாகக் காயாமல், கலியாணத் திகதிக்கு அவசரப்பட்டுப் பூசினால் சுவர் உப்புப் பூக்கும். வெள்ளை உப்பு வெள்ளைச் சுவரில் தெரியாது, சாம்பலில் தேமல் மாதிரி படரும். எந்தக் கலரானாலும் சாந்து பூசி ஒரு மாதமாவது விடுங்கள். இதைப் பெயின்ட் பாஸ்மாரும் சொல்கிறார்கள், திகதி வைத்துவிட்டு அவர்கள் சொல்வதை நாங்கள்தான் கேட்பதில்லை.

பழைய வீட்டைத் திருத்தி இளையவளுக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சொல். பழைய எனாமல்களில், அதிலும் மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருந்திருக்கக்கூடும். பெயின்ட்டில் ஈயத்துக்கு வரம்பு வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2011இல் போட்ட கட்டளை 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய கதவு, ஜன்னல்களைக் காய்ந்த நிலையில் உரஞ்சி அந்தத் தூளைப் பறக்கவிடாதீர்கள். நனைத்து உரஞ்சுங்கள். சின்னப் பிள்ளைகளை அந்த நாட்களில் அயல்வீட்டில் விடுங்கள். பிள்ளையின் உடலுக்கு ஈயத்தில் இவ்வளவு வரை பாதுகாப்பு என்று ஓர் அளவே இல்லை.

கார்ட்டுக்கு வருகிறேன். அந்த வீட்டில் முடிவெடுத்த நாலு பேரில் ஒருவர்கூட அந்தக் கலரைச் சுவரில் பார்க்கவில்லை. மூவர் பார்த்தது தீப்பெட்டி அளவு கடதாசியை, அதுவும் ஹோலுக்குள் பல்பு வெளிச்சத்தில். ஒருவர் பார்த்தது தொலைபேசிக் கண்ணாடியை. ஒரே கலர் பகல் வெளிச்சத்தில் ஒன்றாகவும் பல்பின் கீழே வேறொன்றாகவும் தெரியும். சின்னத் துண்டில் மென்மையாகத் தெரிவது முழுச் சுவரில் பூசியதும் பலமடங்கு கனக்கும். நம் வீட்டுப் பெண்கள் சாரி எடுக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? கடைக்குள் மடித்துக் காட்டுவதை நம்பமாட்டார்கள். சேலையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து, வெயிலில் பிடித்து, தோளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பார்கள். மருதமுனையில் கைத்தறி வாங்கப் போனாலும் அதே பழக்கம்தான். ஆறு மாதம் உடுக்கும் துணிக்கு இவ்வளவு பார்க்கத் தெரிந்தவளை, நாற்பது வருடம் வாழப்போகும் சுவருக்கு மட்டும் ஏன் கேளாமல் விடுகிறீர்கள்?

மாப்பிள்ளை வீட்டாருக்கும் இது பொருந்தும். கேட்டின் கலர், மதிலின் கலர், ஜன்னலின் பாணி என்று பட்டியல் அனுப்பும் வழக்கம் அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. வீடு பெண்ணுக்கு. அதில் குடியிருக்க வருகிறவர் உங்கள் மகன். விருந்தாளியாகப் போகும் வீட்டில் சுவரின் கலரை மாற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை. உங்கள் மகனுக்கு ஒரு விருப்பம் இருந்தால், அதை அவரே அவளிடம் சொல்லட்டும். புதுத் தம்பதி சேர்ந்து எடுக்கும் முதல் முடிவாக அது இருந்துவிட்டுப் போகட்டும். பெரியவர்கள் நடுவில் நிற்க வேண்டாம்.

நம் ஊரிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு கச்சான் காலத்தில் இரண்டு வீடுகளைத் தெரிவு செய்யுங்கள். ஒன்று கடும் நிறம், ஒன்று வெளிர். மேற்குச் சுவரின் வெளிப்பக்கமும் உட்பக்கமும் பின்னேரம் மூன்றிலிருந்து இரவு பத்து வரை அளந்து, அந்தக் கணக்கைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள். பிள்ளைகள் அளந்த இலக்கத்தை ஊர் நம்பும்.

இவ்வளவும் சொன்னபிறகு நீங்கள் கேட்கலாம். “டீச்சர், எங்கள் மகளே கடுஞ்சாம்பல்தான் வேண்டும் என்றால்?” இந்தக் கேள்வியை என்னிடமே பலமுறை கேட்டுக்கொண்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்பலின் அழகு வேண்டுமென்றால் கேட் தூணுக்கும், ஜன்னலைச் சுற்றியும், போர்ட்டிகோவின் உட்சுவருக்கும் பூசலாம், அங்கே வெயில் குறைவு என்று சொல்லிப் பாருங்கள். இதற்குப் பிறகும் சாம்பல்தான் என்றால், சாம்பலைப் பூசிக் கொடுங்கள். அவள் தெரிந்து எடுத்த சூடு அது. நான் விரும்பும் வெள்ளையை அவளிடம் கேளாமல் பூசினால் நானும் என் மாமா செய்ததைத்தான் செய்தவளாவேன்.

என் வேண்டுகோள் இதுதான். பெயின்ட் வாளி வாங்குவதற்கு முன் இரண்டு கலரிலும் மிகச் சின்ன டின் ஒவ்வொன்று வாங்குங்கள். உங்கள் வீட்டின் மேற்குச் சுவரில், வெளிப்பக்கம், மூன்றடிக்கு மூன்றடி இரண்டு சதுரம் பூசச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம், நடுவில் ஒரு பாகம் இடைவெளி விட்டு, இரண்டு பூச்சு. படுக்கையறைக்குள்ளும் அதே மாதிரி இரண்டு. ஏழு நாள் அப்படியே விடுங்கள். சுபஹுக்குப் பிறகும், லுஹருக்கும், அஸருக்கும், இரவு விளக்குப் போட்டபின்னும் மகள் வந்து பார்க்கட்டும். பின்னேரத்தில் இரண்டு சதுரத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். அவளுடைய உம்மாவும் பார்க்கட்டும், அவரிடமும் இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கத்தாரிலிருப்பவருக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், ஆனால் முடிவை அவரிடம் கேட்காதீர்கள்.

எட்டாம் நாள் மாமாவும் அயலாரும் இல்லாத நேரமாகப் பார்த்து மகளைக் கூப்பிடுங்கள். “எது மகள்?” என்று கேளுங்கள். “எதுன்டாலும் சரி வாப்பா” என்றுதான் முதலில் சொல்வாள். அவளைப் பழக்கியது அப்படி. அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள். அவள் விரலை நீட்டி ஒரு சதுரத்தைக் காட்டும்வரை பெயின்ட் பாஸ் வாளியைத் திறக்காமல் காத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியை,
சம்மாந்துறை